நிலாவில் ஆள் இருந்தால் முகூர்த்தம் இல்லை

போன வாரம் மூன்று நாள் என் சொந்த வீட்டிலேயே ஒரு திருட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பேப்பர் வந்து விழுந்ததும் யார் கண்ணிலும் படாமல் எடுத்துக்கொண்டு போய் அரிசி டிரம்மில் ஒளித்து வைப்பது.

பேப்பரில் அப்படி என்ன? என் பெயர் வந்துவிட்டதா? கோர்ட்டு சமாசாரமா? அதெல்லாம் இல்லை. ரஷ்யாக்காரர்கள் நிலாவில் ஒரு வண்டியை இறக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எட்டுச் சக்கரம். ஆள் கிடையாது. இங்கே பூமியில் உட்கார்ந்தபடியே அங்கே வண்டி ஓட்டுகிறார்களாம்.

ஓட்டட்டுமே... அதற்கு எதற்கு அரிசி டிரம் என்று கேட்பீர்கள். என் மாமனார் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார். அவருடைய இரண்டாவது பெண் கஸ்தூரிக்குத் தை கடைசியில் கல்யாணம். ஜவுளி, பாத்திரம் எல்லாம் இங்கே திருவள்ளூரில் வாங்குவதாக ஏற்பாடு. இந்த நேரம் பார்த்து அந்த எட்டுச் சக்கரம் அவர் கண்ணில் பட்டால் கல்யாணம் நின்று போகும்.

நான் மிகைப்படுத்தவில்லை. கஸ்தூரிக்கே போன கார்த்திகையில் ஒரு தடவை நின்றது. அமெரிக்காக்காரர்கள் கடைசி கடைசியாக நிலாவுக்குப் போனார்களே — அவர்களால். அதற்கு முன்னால் எனக்கு நின்றது. அந்தக் கதையைச் சொன்னால்தான் அரிசி டிரம்மின் அவசியம் உங்களுக்குப் புரியும்.

என் மாமனார் பெயர் கோதண்டம். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஒரு குப்பத்துக்காரர். படகுக்காரர். ஏரியிலும் வலை போடுவார், கடலுக்கும் போவார். அவருக்கு நிலா என்பது காலண்டர், கடிகாரம், மேலதிகாரி எல்லாமே. இன்றைக்கு என்ன பிறை, எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும், எப்போது வடியும் என்று பார்த்துத்தான் அடுப்பே பற்ற வைப்பார்கள். மடியில் எப்போதும் ஒரு சின்னப் பஞ்சாங்கம் — நனையாமல் இருக்க பிளாஸ்டிக் பை போட்டு.

அப்பேர்ப்பட்ட மனிதருடைய மேலதிகாரியின் தலையில் போய் இரண்டு பேர் ஏறி நின்றால் சும்மா இருப்பாரா?

இந்த இடத்தில் நிலா ஆராய்ச்சியின் வரலாற்றையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். முதலில் நாம் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். முயல் தெரிந்தது. அதோடு நமக்குத் திருப்தி. 'மாமா' என்று முறை வைத்து, குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுகிற வேலையில் அமர்த்திவிட்டோம். பல காலம் கழித்து ஓர் இத்தாலிக்காரர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, அங்கே மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்றார். அத்தனை வயசான முகத்தில் மேடு பள்ளம் இல்லாமல் வேறென்ன இருக்கும்? இதைச் சொல்ல ஒரு குழாய் வேண்டுமா?

அப்புறம் ரொம்ப நாள் யாரும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. வினை நம் காலத்தில்தான் ஆரம்பித்தது. ரஷ்யாக்காரர்கள் எதையோ கொண்டு போய் நிலாவின் மேல் மோதினார்கள். மோதிவிட்டு வெற்றி என்று அறிவித்தார்கள்! திருவள்ளூர் பஸ் டிரைவர் மோதினால் மட்டும் ஏன் கேஸ் போடுகிறார்கள்? அதே வருஷம் நிலாவின் முதுகையும் படம் பிடித்தார்கள் — உலகம் தோன்றியதிலிருந்து ஒருத்தருக்கும் முதுகு காட்டாதவருடைய முதுகை. அதற்குப் பிறகு அமெரிக்காக்காரர்கள் ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு போய்ச் சுற்றி வந்தார்கள். இறங்குவதுதான் பாக்கி.

இறங்கினார்கள். 1969 ஜூலை. எனக்கும் கோதண்டம் மாமாவின் மூத்த மகள் அமிர்தத்துக்கும் நிச்சயம் ஆன அடுத்த மாதம்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆணிக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கம்பெனி சின்னது, சத்தம் பெரியது. கம்பியைக் கடித்துக் கடித்துத் துப்புகிற மெஷின்கள். அன்று திங்கட்கிழமை — நிலாவுக்கே உரிய கிழமை. மானேஜர் தன் டிரான்சிஸ்டரை ஆபீஸ் ஜன்னலில் வைத்து, மெஷின்களை நிறுத்தச் சொன்னார். மனிதன் நிலாவில் கால் வைத்துவிட்டான் என்று செய்தி வந்ததும் எல்லோரும் கையைத் தட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்து வானத்தைப் பார்த்தோம்.

வானத்தில் நிலாவே இல்லை.

என் ரூமில் கூடத் தங்கியிருந்த ஃபிட்டர் ஏழுமலை நாலு திசையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, எறங்கின எடத்தையே காணோம்?" என்றான்.

கேட்டில் நின்ற வாட்ச்மேன் சொன்னார். "அதுக்கு இன்னிக்கி செகண்ட் ஷிப்ட்டுப்பா. பதினோரு மணிக்கு மேலதான் வரும்."

"அப்போ நிலா வர்றதுக்கு மின்னாடியே இவங்க எங்க போய் எறங்கினாங்க?"

மானேஜர் டிரான்சிஸ்டரை அணைத்தார். பிறகு மெஷினைப் போடச் சொல்லிவிட்டார்.

அந்த மானேஜரிடம் ஒரு பைனாகுலர் இருந்தது. குதிரைப் பந்தயம் பார்க்க வைத்திருந்தார். அதைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு சாயங்காலம் பஸ் பிடித்தேன், அப்புறம் படகு பிடித்தேன். ஆடி மாதத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுப் பக்கம் தலை காட்டக் கூடாதுதான். ஆனால் நிலாவில் ஆள் இருக்கிற நாளில் பைனாகுலரோடு போகக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

குப்பமே கரையில் கூடியிருந்தது. மேலே பாதி நிலா. அந்த நேரத்தில் அந்த இரண்டு பேரும் நிஜமாகவே அங்கேதான் இருந்தார்கள். பைனாகுலர் கை மாறிக்கொண்டே போனது. ஒருவர் கொடி தெரிகிறது என்றார். இன்னொருவர் இரண்டு பேரும் உட்கார்ந்து ஏதோ சாப்பிடுவதாகச் சொன்னார். அமிர்தத்தின் முறை வந்தபோது அவள் அதைத் திருப்பிப் பிடித்து, நிலாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஐயே, இம்மாத்தூண்டு இருக்கறாரு!" என்று சிரித்தாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான்.

கோதண்டம் மாமா மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். பைனாகுலரைக் கீழே இறக்கியதும் என்னைக் கேட்ட முதல் கேள்வி:

"இவங்க எப்ப மாப்ள ஊடு திரும்புவாங்க?"

உலகமே 'எப்படிப் போனார்கள், என்ன கண்டுபிடித்தார்கள்' என்று கேட்டுக்கொண்டிருந்த நாள். இவர் கேட்டது இது. இன்னும் மூன்று நாளில் கடலில் வந்து இறங்குவார்கள் என்றேன். "கடல்லயா?" என்று ஒரு மாதிரி பார்த்தார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கவனம் முழுக்க அமிர்தத்தின் மேல் இருந்தது.

கல்யாணத்தைக் கார்த்திகையில் வைத்தார்கள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு நாள் மாமா கம்பெனி கேட்டில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"மாப்ள, கார்த்திகைல மறுபடியும் போறாங்களாமே?"

"யாரு மாமா?"

"நிலாவுக்கு."

"போகட்டுமே மாமா. நாம கூப்பிடலையே!"

அவர் சிரிக்கவில்லை. மடியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். "முகூர்த்தத்துக்கு இன்னா பாப்பாங்க? சந்திரபலம் பாப்பாங்க. சந்திரன் தலமேல ரெண்டு பேரு நின்னுக்கினு, கொடி நட்டுக்கினு, மண்ண நோண்டிக்கினு இருந்தா எவனுக்கு மாப்ள பலம் இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

நான் என்ன சொல்ல? சந்திரபலத்தை ஒப்புக்கொண்டால் கல்யாணம் தள்ளிப் போகும். மறுத்தால் கல்யாணமே போகும். விஞ்ஞான ரீதியாக விளக்கிப் பார்த்தேன் — நிலா எவ்வளவு பெரியது, இரண்டு பேர் எவ்வளவு சின்னவர்கள் என்று. மாமா பொறுமையாகக் கேட்டார்.

"கொசு எம்மாத்தூண்டு மாப்ள? உக்காந்தா தூங்க முடியுதா?"

"அப்ப அவங்க அங்கேருந்து கெளம்பின உடனே முகூர்த்தம் வெச்சுக்கலாமா?"

"அது எப்படி? கோயில்ல காப்பு கட்டினா, அவுக்கற வரிக்கும் ஊர்ல எவனாச்சும் தாலி கட்டறானா? அவங்க ராக்கெட்ட கொளுத்தினா காப்பு கட்டினா மாதிரி. ஊடு வந்து சேந்தாத்தான் காப்பு அவுத்தா மாதிரி. அதுவரிக்கும் நம்ம ஊட்ல மேளம் கொட்ட முடியாது."

இப்படியாக, எங்கேயோ அமெரிக்காவில் திரி கொளுத்த, கும்மிடிப்பூண்டியில் என் கல்யாணம் தள்ளிப் போனது. உலகத்தில் வேறெந்த மாப்பிள்ளைக்காவது இந்தக் கொடுமை நடந்திருக்குமா? வரதட்சிணையால் நின்ற கல்யாணம் உண்டு, சாப்பாட்டில் அப்பளம் குறைந்து நின்ற கல்யாணம் உண்டு. ராக்கெட்டால்?

ரூமில் ஏழுமலை எனக்கு ஆறுதல் சொன்னான். "பேஜாரா போச்சேப்பா. பேசாம அந்த அமெரிக்காக்காரனுக்கு ஒரு பஞ்சாங்கம் அனுப்பி வெச்சா இன்னா? முகூர்த்த நாளா பாத்து உட்டுட்டுப் போவட்டும்." அவன் விளையாட்டாகச் சொன்னான். நான் ஒரு நிமிஷம் நிஜமாகவே தபால் செலவு எவ்வளவு ஆகும் என்று யோசித்தேன்.

தையில் என் பெரியப்பா காலமாகிவிட்டார். இதில் அமெரிக்காவுக்குச் சம்பந்தம் இல்லை. தீட்டெல்லாம் கழிந்து, சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள். நல்ல வளர்பிறை. பத்திரிகை அடித்தாயிற்று. நான் இப்போது உஷாராகிவிட்டேன். தினமும் காலையில் பேப்பர் வந்ததும் சினிமா பக்கத்தைக் கூட விட்டுவிட்டு ராக்கெட் செய்தியைத் தேடுவேன். ஆணிக் கம்பெனி ஸ்டோர் கீப்பர்களிலேயே விண்வெளியை என் அளவுக்குக் கவனித்தவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

ஒரு நாள் அந்தச் செய்தி வந்தது. அப்போலோ பதிமூன்று. ஏப்ரலில் கிளம்புகிறது. திரும்பி வருவது — என் முகூர்த்தம் கழிந்து இரண்டு நாளைக்கு அப்புறம்.

ஓடினேன். மாமாவுக்கு என்னை முந்திக்கொண்டு விஷயம் தெரிந்திருந்தது. அழாத குறையாகக் கேட்டேன். மாமியாரை விட்டுச் சொல்லச் சொன்னேன். அமிர்தம் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். மாமா அசையவில்லை. "கடல் தண்ணி வத்தினாலும் வத்தும், நைனா மனசு மாறாது" என்று அமிர்தம் தங்கையிடம் சொல்லி அனுப்பினாள். ராக்கெட் கிளம்பிய அன்றே, சொந்தக்காரர்களுக்கெல்லாம் முகூர்த்தம் தள்ளி வைத்திருப்பதாகச் சொல்லிவிட ஆள் போய்விட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இந்தப் பெண்ணே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கூட நினைத்தேன். என் அம்மா வேறு, "நிலாவுல ஆள் எறங்கறதெல்லாம் நின்னு, நீ எப்படா கல்யாணம் பண்ணுவே? ராயபுரத்துல ஒரு பொண்ணு இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டாள். அமிர்தம் கைவிட்டுப் போய்விடுவாள் போலிருந்தது. கடைசியாக ஒரு தடவை முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று தமிழ் வருஷப் பிறப்பு அன்று குப்பத்துக்குப் போனேன்.

வருஷப் பிறப்பு அமளிதுமளியாக இருக்க வேண்டும். டீக்கடை ரிக்கார்டு அலற வேண்டும். அன்று சாயங்காலம் நான் படகிலிருந்து இறங்கியபோது சத்தமே இல்லை. டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் மாமா.

அந்த விண்கலத்தில் ஏதோ வெடித்துவிட்டதாம். மூச்சு விடுகிற காற்று வெளியேறிக்கொண்டிருக்கிறதாம். நிலாவில் இறங்கப் போவதில்லை, உயிரோடு திரும்பினால் போதும் என்று செய்தி.

குப்பத்துக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "ஓட்டைய துணிய வெச்சு அடைக்கலாமே" என்றார் ஒருவர். "நங்கூரம் போட்டுட்டு உக்காந்தா வேற படகு வராதா?" என்றார் இன்னொருவர். உடனே திரும்பாமல் நிலாவைச் சுற்றிக்கொண்டுதான் வரப்போகிறார்கள் என்று நான் சொன்னதும், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "சுத்திக்கினு வரட்டும். பிரதட்சணம் பண்ணா நல்லதுதான்."

அடுத்த நாள் காலை பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்தேன். மூன்று பேரில் இரண்டு பேருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள். ஒருத்தருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவனுக்கும் எங்கியாச்சும் ஒரு பொண்ணு பாத்து வெச்சிருப்பாங்க மாப்ள."

நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்கவில்லை. கோபமும் எங்கேயோ போய்விட்டது. கம்பெனிக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். அன்றைக்கு எந்த வீட்டிலும் மீன் குழம்பு வாசனை வரவில்லை. கடலுக்குப் போன படகு திரும்பாவிட்டால் அந்த ஊர் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. முன்பின் தெரியாத மூன்று பேருக்காக மாமா அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார். அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட பூசாரியிடம் பெயர் சரியாக வராமல், "மேல போனவங்க மூணு பேரு. அம்மாளுக்குத் தெரியும்" என்றார்.

வேலை போய்விடுமே என்று வெள்ளிக்கிழமை நான் ரூமுக்குத் திரும்பிவிட்டேன். சனிக்கிழமை காலை. ஏழுமலையும் நானும் நாஷ்டாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். கதவு இடிபட்டது. திறந்தால் மாமா. தலையெல்லாம் கலைந்து, சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்.

"மாப்ள! கரை சேந்துட்டாங்க! கடல்ல நல்லபடியா எறங்கி, கப்பல்ல ஏத்திக்கினாங்களாம். காலைல நியூஸ்ல சொல்ட்டான்!"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"சரி, கெளம்புங்க" என்றார்.

"எங்க மாமா?"

"நாளைக்கு ஞாயித்துக்கெயம. முகூர்த்தம் அப்படியேதான் இருக்குது. காப்பு அவுத்தாச்சு இல்ல? ஊட்ல சொல்லிட்டு வாங்க."

ஒரே நாள்! முகூர்த்தம் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. மேளக்காரர்கள் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். சமையல்காரர் பொன்னேரியில் இருந்தார். அன்றைக்கு ஏழுமலை ஓடிய ஓட்டத்தை அந்த ராக்கெட் ஓடியிருக்காது. பந்தலுக்கு ஓலை போதாமல் பாதிப் பந்தலுக்குப் பாய்மரத் துணியைக் கட்டினார்கள். அதில் கருவாட்டு வாசனை. என் அம்மா கல்யாணம் முழுக்க முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தாள் — ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

தாலி கட்டுகிற நேரத்தில் "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று ஐயர் கத்துகிறார். மேளம் எங்கே இருக்கிறது? ஏழுமலை சீர்வரிசைத் தாம்பாளம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, கரண்டியால் ஆணிக் கம்பெனி வேகத்தில் அடித்தான். அந்தத் தாம்பாளம் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் இருக்கிற பள்ளங்களைப் பார்க்கும்போதெல்லாம் நிலா ஞாபகம் வரும்.

இதுதான் முன்கதை. இப்போது சொல்லுங்கள் — நான் பேப்பரை அரிசி டிரம்மில் ஒளித்தது தப்பா?

ரஷ்யாக்காரர்கள் இதே மாதிரி ஒரு வண்டியை இரண்டு வருஷம் முன்பே அனுப்பியிருந்தார்கள். ஆனால் அப்போது எங்கள் குடும்பத்தில் கல்யாணம் எதுவும் இல்லாததால் சட்டப் பிரச்சினை எழவில்லை. இந்தத் தடவை அப்படியா? போன மாதம் அமெரிக்காக்காரர்கள் திரும்பி வந்து, இனிமேல் போவதில்லை என்று சொன்னபோது, "அப்பாடா, விட்டது" என்று தை மாசத்தில் நாள் குறித்திருக்கிறார் மாமா. மாப்பிள்ளை அத்திப்பட்டில் ரயில்வே வேலை. நல்ல பையன்தான். ஆனால் அவன் வீட்டில் கார்த்திகையில் தள்ளிப் போட்டதற்கே முகம் சுளித்துவிட்டார்கள். இன்னொரு தடவை தள்ளினால் வேறு இடம் பார்ப்போம் என்று ஜாடையாகச் சொல்லியும் விட்டார்கள். கஸ்தூரி அக்காவிடம் வந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறாள்.

அதனால் முதல் நாள் பேப்பர்காரன் வரவில்லை என்றேன். இரண்டாம் நாள் பேப்பர்காரனுக்குக் காய்ச்சல் என்றேன். மூன்றாம் நாள் ரேடியோவின் பேட்டரியைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். எல்லா வழியையும் அடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒன்றை மறந்துவிட்டேன். தாடி.

சனிக்கிழமை காலை மாமா சவரம் செய்துகொள்ள சலூனுக்குப் போனார். சலூன் என்றால் என்ன? உலகத்தில் வருகிற அத்தனை பேப்பரும் அங்கே கிடக்கும். போதாததற்கு ரேடியோ வேறு. எனக்கு இது உறைத்தபோது அவர் போய்க் கால் மணி ஆகியிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எதிரே அவரே வந்துவிட்டார். ஒரு கன்னம் வழவழவென்று இருக்கிறது. இன்னொரு கன்னத்தில் சோப்பு நுரை.

"மாப்ள! ரஷ்யாக்காரன் நிலாவுல வண்டி உட்டுக்கினு கீறானாமே?"

உள்ளேயிருந்து வந்த அமிர்தம் அப்படியே நின்றுவிட்டாள். நான் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னேன்:

"ஆமா மாமா."

அவர் படியில் உட்கார்ந்தார். "அதுல யாரு போயிருக்காங்க?"

"யாரும் இல்ல மாமா. ஆள் இல்லாத வண்டி. இங்கேருந்தே ஓட்டறாங்க."

"எப்ப திரும்பும்?"

அமிர்தம் பின்னாலிருந்து என் முதுகைக் கிள்ளினாள். பொய் சொல் என்று அர்த்தம். நாளைக்கே வந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒற்றைக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"திரும்பாது மாமா. அங்கேயே இருந்துடும்."

முடிந்தது. ராக்கெட் கொளுத்தினால் காப்பு கட்டின மாதிரி, வீடு வந்து சேர்ந்தால்தான் அவிழ்த்த மாதிரி. இது வீடே வந்து சேராத வண்டி! காப்பு அவிழவே அவிழாது. கஸ்தூரி மட்டுமில்லை, அந்தக் குடும்பத்தில் இனி எந்தத் தலைமுறையிலும் கல்யாணம் நடக்காது.

மாமா தாடையைத் தடவினார். நுரை கையில் ஒட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அந்த வண்டிக்கோசரம் கரைல யாராச்சும் காத்துக்கினு இருக்காங்களா?"

"கரையிலயா?"

"பொண்டாட்டி, புள்ள... யாராச்சும்?"

"வண்டிக்கு ஏது மாமா பொண்டாட்டி?"

"அப்புறம் இன்னாத்துக்கு என்னைப் பாத்து ரெண்டு பேரும் இப்டி முழிக்கறீங்க? தைல கல்யாணம். போய் ஜவுளிக்கு ரெடியாவுங்க."

என்னால் நம்ப முடியவில்லை. "மாமா... அப்ப அந்தச் சந்திரபலம்?"

மாமா சிரித்தார். மூன்றரை வருஷத்தில் இந்த விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அது உங்களுக்குச் சொன்னது மாப்ள. ஒருத்தன் நடுக்கடல்ல மாட்டிக்கினா, அவன் கரைக்கு வர்ற வரிக்கும் எங்க குப்பத்துல எவன் ஊட்லயும் மேளம் கொட்ட மாட்டாங்க. வந்து சேரணும், அப்புறந்தான் எல்லாம். இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா நீங்க ஒத்துக்கினு இருப்பீங்களா? அமெரிக்காக்காரன் உங்களுக்கு மாமனா மச்சானான்னு கேட்டிருப்பீங்க. சந்திரபலம்னு சொன்னேன், வாய மூடிக்கினு போனீங்க."

உண்மைதான். நூற்றுக்கு நூறு கேட்டிருப்பேன்.

அவர் எழுந்து பாதிக் கன்னத்தோடு மறுபடியும் சலூனுக்கு நடந்தார். தெருமுனையில் திரும்பி நின்று, "அமிர்தம்! அந்தப் பேப்பர அரிசிலேருந்து எடுத்துடும்மா. மூணு நாளா சோத்துல மை வாசன அடிக்குது!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

தை கடைசியில் கஸ்தூரிக்குக் கல்யாணம். இந்தத் தடவை மேளத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டோம். தாம்பாளத்தையும் கையோடு கொண்டு போகிறோம், எதற்கும் இருக்கட்டும் என்று. அவளுக்குக் கீழே ஒரு தம்பி இருக்கிறான். அவன் கல்யாணத்துக்கு இன்னும் நாலைந்து வருஷம் ஆகும். அதற்குள் யாராவது மறுபடியும் நிலாவுக்குப் போவதாக இருந்தால், தாராளமாகப் போய் வாருங்கள் ஐயா.

நீங்கள் கரை சேருகிற வரை பழவேற்காட்டில் ஒரு கல்யாணம் காத்திருக்கும்.